நன்னீர்க் கிணறு உவராவது ஏன்?
யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரருக்கு நிலத்தடி நீர் பற்றிய ஒரு பாடம்



உங்கள் தோட்டக் கிணற்றை உங்கள் பாட்டனார் வெட்டியிருக்கலாம். அவர் காலத்தில் அதன் நீர் இனித்தது. இன்று ஆவணி மாதத்தில் அதே நீரை வாயிலிட்டால் நாவிற் கரிக்கின்றது. வெங்காயத் தாளின் நுனி கருகுகின்றது. போஞ்சி முளைத்து நாலு இலை விடுமுன்னரே சோர்கின்றது. "மழை குறைந்துவிட்டது, காலம் கெட்டுவிட்டது" என்று சிலர் கூறுவர். கிணற்றை இன்னும் ஆழமாக்கினால் நல்ல நீர் கிடைக்கும் என்று வேறு சிலர் கூறுவர். இரண்டாவது யோசனையைக் கேட்டு நடந்தவர் பலர், இருந்த நன்னீரையும் இழந்தனர்.

இதன் காரணத்தை அறிய இரண்டு விடயங்களை விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஒன்று, உங்கள் காலடியில் உள்ள கல்லும் நீரும் எவ்வாறு அமைந்துள்ளன என்பது. மற்றது, பயிரின் வேர் நீரை எவ்வாறு உறிஞ்சுகின்றது என்பது. இவ்விரண்டையும் அறிந்தவர் தம் கிணற்றைத் தாமே காத்துக்கொள்வர்.

1. காலடியில் உள்ள கல்

குடாநாட்டிலே கிணறு வெட்டும்போது செம்பாட்டு மண்ணுக்குக் கீழே வெண்மையான அல்லது மஞ்சள் கலந்த கல்லைக் காண்கின்றீர்கள். இது சுண்ணாம்புக்கல். பூமியின் வரலாற்றிலே மயோசீன் என்னும் காலத்தில், அதாவது இன்றைக்குச் சுமார் 230 இலட்சம் ஆண்டுகள் முதல் 53 இலட்சம் ஆண்டுகள் வரையுள்ள இடைவெளியில், இக் கல் உருவாகியது. அக்காலத்தில் இந்த இடம் ஆழமற்ற கடலாக இருந்தது. சிப்பி, சங்கு, பவளம் முதலிய உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் கடலடியிற் படிந்து, ஒன்றன்மேல் ஒன்றாய் அழுந்தி, கல்லாக இறுகின. கிணற்றிலிருந்து எடுத்த கல்லை உடைத்துப் பாருங்கள். சிப்பியின் வடிவம் பதிந்த துண்டுகள் சிலவற்றிற் காணப்படும்.

சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு சிறப்பியல்பு உண்டு. மழைநீர் வானிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாக மாறுகின்றது. அந்த அமிலம் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. பல்லாயிரம் ஆண்டுகளாக இவ்வாறு கரைந்தமையால் கல்லினுள்ளே வெடிப்புகளும் துவாரங்களும் குகைகளும் உண்டாயின. நீங்கள் தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் உட்புறத்திற் படியும் வெண்பொருள், இவ்வாறு கரைந்த கல்லே ஆகும். நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறும் சுண்ணாம்புக்கல் கரைந்து இடிந்து உண்டான பெரும் பள்ளமே.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரிகாலத்தில் மட்டுமே ஓடும். ஆண்டிலே பெய்யும் ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் கொட்டித் தீர்கின்றது. அம்மழையில் ஒரு பகுதி ஆவியாகின்றது. ஒரு பகுதி கடலுக்கு ஓடுகின்றது. எஞ்சிய பகுதி மண்ணினூடாகவும் கல்லின் துவாரங்களினூடாகவும் கீழிறங்கித் தங்குகின்றது. கோடையிலே உங்கள் கிணற்றில் நீங்கள் காண்பது அந்த மாரிமழையின் சேமிப்பே அன்றி வேறில்லை.

2. நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது

குடாநாட்டைச் சூழக் கடலும் கடனீரேரிகளும் உள்ளன. கல்லில் துவாரங்கள் இருப்பதால் கடல்நீரும் நிலத்தின் கீழே புகுந்து நிற்கின்றது. ஆயினும் மேலேயுள்ள கிணறுகளில் நன்னீர் கிடைப்பது எவ்வாறு?

ஒரு லீற்றர் நன்னீரின் நிறை சுமார் 1,000 கிராம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புக் கரைந்திருப்பதால் அதன் நிறை சுமார் 1,025 கிராம் ஆகும். பாரம் குறைந்த நன்னீர், பாரம் கூடிய உவர்நீரின்மேல் மிதக்கின்றது. எண்ணெய் நீரின்மேல் மிதப்பது போன்றதே இது. ஆனால் எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. நன்னீரும் உவர்நீருமோ குழப்பினாற் கலந்துவிடும்.

இவ்வாறு மிதக்கும் நன்னீர்ப் படையின் வடிவம் அப்பத்தைப் போன்றது. நிலத்தின் நடுப்பகுதியில் அது தடித்தும், கடலை அணுகும் விளிம்பில் மெலிந்தும் இருக்கும். கரையோரக் கிணறுகள் முதலில் உவராவதன் காரணம் இதுவே. குடாநாட்டில் இத்தகைய நன்னீர்ப் படைகள் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, ஊர்காவற்றுறைத் தீவு ஆகிய நான்கு இடங்களில் உள்ளன. ஒரு படையின்மேல் உள்ள கிணறுகள் யாவும் ஒரே பானையில் இட்ட பல அகப்பைகள் போன்றவை. உங்கள் வேலிக்குள்ளே கிணறு உங்களுடையது. அதன் நீரோ ஊருக்குப் பொதுவானது.

இனி ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 40 அடி உயரமான கடல்நீர்த் தூணின் நிறையும் 41 அடி உயரமான நன்னீர்த் தூணின் நிறையும் சமம். 40ஐ 1,025ஆற் பெருக்கினாலும், 41ஐ 1,000ஆற் பெருக்கினாலும் 41,000 என்ற ஒரே விடையே வரும். ஆகவே நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இதனை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து நாட்டைச் சேர்ந்த கைபன் என்பவரும், 1901ஆம் ஆண்டில் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியே எழுதி வெளியிட்டனர்.

இக்கணக்கின் மறுபக்கமே நமக்கு எச்சரிக்கை. நன்னீர் மட்டத்தை ஓர் அடி தாழ்த்தி நெடுங்காலம் அவ்வாறே வைத்திருந்தால், கீழேயுள்ள உவர்நீர் 40 அடி வரை மேலேறக்கூடும். மேலே ஓர் அடி குறைந்தமையைக் கிணற்றுப் படியில் நீங்கள் காண்பீர்கள். கீழே நடப்பதைக் காணமாட்டீர்கள்.

3. வீட்டிலே செய்து பார்க்கக்கூடிய பரிசோதனை

ஒரு கண்ணாடிக் குவளையின் பாதியளவுக்கு உப்புக் கரைத்த நீரை எடுத்து, பீற்றூட் அவித்த சாற்றினால் அதனைச் சிவப்பாக்குங்கள். அதன்மேல் ஒரு கரண்டியின் புறத்தில் வழியவிட்டு நல்ல நீரை மெதுவாக ஊற்றுங்கள். சிவப்பு நீர் கீழும் தெளிந்த நீர் மேலுமாக நிற்கும்.

இப்போது ஓர் உறிஞ்சு குழாயை, சிவப்பு நீரின் எல்லைக்குச் சற்று மேலே அதன் நுனி நிற்குமாறு பிடியுங்கள். மிக மெதுவாக உறிஞ்சினால் தெளிந்த நீரே வரும். வேகமாக உறிஞ்சினால், குழாயின் நேர்கீழே சிவப்பு நீர் கூம்பைப்போல எழுந்து குழாயினுள் நுழையும். உங்கள் நீரிறைக்கும் இயந்திரம் கிணற்றிற் செய்வதும் இதுவே. குழாயை இன்னும் கீழே இறக்கினால், மெதுவாக உறிஞ்சினாலும் சிவப்பு நீரே வரும். கிணற்றை ஆழமாக்குவதன் பயனும் அஃதே.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதன் களைத்தபோது கிணறும் ஓய்ந்தது. ஓய்வு நேரத்தில் சுற்றுப்புறத்திலிருந்து நன்னீர் ஊறி, மட்டம் மீண்டது. இயந்திரம் களைப்பதில்லை. ஆதலால் ஓய்வு கொடுக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையதாகின்றது.

4. உவர்நீரிற் பயிர் வாடுவது ஏன்?

உருளைக்கிழங்கை ஒரே அளவான இரண்டு நீளத் துண்டுகளாக நறுக்குங்கள். ஒன்றை நல்ல நீரிலும், மற்றையதை இரண்டு மேசைக்கரண்டி உப்புக் கரைத்த ஒரு குவளை நீரிலும் சில மணி நேரம் ஊறவிடுங்கள். நல்ல நீரில் இட்டது விறைப்பாக இருக்கும். உப்பு நீரில் இட்டதோ நீரிலே கிடந்தும் துவண்டு வளையும்.

உயிருள்ள பொருள்கள் யாவும் கலங்கள் என்னும் நுண்ணிய அறைகளால் ஆனவை. கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வு நீரை எளிதிற் புகவிடும். உப்பை அவ்வாறு புகவிடாது. சவ்வின் இருபுறமும் உள்ள கரைசல்களில் எது செறிவு கூடியதோ அதன் பக்கமாக நீர் நகரும். இந் நிகழ்ச்சி பிரசாரணம் எனப்படும். நல்ல மண்ணிலே, வேர் மயிரின் கலச்சாறு மண்ணீரிலும் செறிவு கூடியது. ஆகவே நீர் வேருக்குள் இழுக்கப்படுகின்றது. மண்ணீரில் உப்புக் கூடினால் இந்த இழுப்புக் குறைகின்றது. மண் ஈரமாக இருப்பினும் பயிர் தாகத்தால் வாடுகின்றது. நண்பகலிலே, ஈரப் பாத்தியில் நிற்கும் மிளகாய்ச் செடி சோர்ந்து நின்றால் உடனே மேலும் இறைக்கப் புறப்படாதீர்கள். முதலில் நீரைச் சுவைத்துப் பாருங்கள்.

இதற்கு மேலாக, உப்பிலுள்ள சோடியமும் குளோரைட்டும் இலைகளிற் சேர்ந்து, விளிம்பையும் நுனியையும் கருக்குகின்றன.

நீரில் உள்ள உப்பின் அளவை மின்கடத்துதிறன் கொண்டு அளப்பர். அதன் அலகு மீற்றருக்குத் தெசிசீமன் ஆகும். பாசன நீரின் அளவு பின்வரும் எல்லையைத் தாண்டும்போது அவ்வப் பயிரின் விளைவு குறையத் தொடங்கும்:

போஞ்சி, கரட்: 0.7
வெங்காயம்: 0.8
மிளகாய்: 1.0
உருளைக்கிழங்கு: 1.1
கோவா: 1.2
தக்காளி: 1.7
நெல்: 2.0
பீற்றூட்: 2.7

வெங்காயத்துக்கு 1.2 அளவுள்ள நீரை இறைத்தால் விளைவிற் பத்தில் ஒரு பங்கும், 1.8 அளவுள்ள நீரை இறைத்தால் நாலில் ஒரு பங்கும் குறையுமென மதிப்பிடப்படுகின்றது. ஆகவே கிணறு சற்றே கரிக்கத் தொடங்கிய தோட்டத்தில் போஞ்சியையும் வெங்காயத்தையும் விடத் தக்காளியும் பீற்றூட்டும் கைகொடுக்கும்.

நெல் விதைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெற்பயிர் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உப்பினால் அதிகம் பாதிக்கப்படும். உவர் ஏறும் கரையோர வயல்களுக்கு, உவரைத் தாங்கக்கூடிய ஏ.ரி. 354 போன்ற இனங்களைப் பற்றி விவசாயப் போதனாசிரியரிடம் விசாரித்து அறிக.

5. இறைக்குந்தோறும் உப்பும் சேர்கின்றது

தோட்டக்காணிக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் பாய்ச்சினால் ஏறக்குறைய 6,400 லீற்றர் நீர் செலவாகும். அந்நீரின் மின்கடத்துதிறன் 1.0 எனின், லீற்றருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்பு உண்டு. ஆகவே ஒரு முறை இறைக்கும்போது அந்த ஒரு பரப்பில் சுமார் 4 கிலோகிராம் உப்பை நீங்கள் உங்கள் கையாலேயே இடுகின்றீர்கள். பத்து முறை இறைத்தால் அது 40 கிலோகிராம் ஆகும்.

பயிர் நீரைக் குடிக்கின்றது. வெயில் நீரை ஆவியாக்குகின்றது. உப்பை இவ்விரண்டும் எடுத்துச் செல்வதில்லை. வரம்பின் உச்சியில் வெண்மையாகப் பூக்கும் உவர் அதுவே. மாரிமழை மட்டுமே அதைக் கழுவிக் கீழிறக்கும். ஆதலால் மாரிமழையைக் காணியில் நிறுத்துதல் அடுத்த போகத்துக்கான முதலீடாகும்.

அளவுக்கு மிஞ்சிய இறைப்பினால் இன்னுமொரு தீங்கு உண்டு. யூரியா முதலிய பசளைகளிலுள்ள நைதரசன் மண்ணிலுள்ள பற்றீரியாக்களால் நைத்திரேற்றாக மாற்றப்படுகின்றது. நைத்திரேற்று நீரில் எளிதிற் கரையும். வேர் எட்டாத ஆழத்துக்கு நீர் இறங்கும்போது, நீங்கள் பணங்கொடுத்து வாங்கிய பசளையும் உடன் இறங்கி, கல்வெடிப்பு வழியே கிணற்றைச் சேரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தல் ஆகாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அத்தகைய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், குருதி ஒக்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். நீரைக் கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். தோட்டக் கிணற்றிலேயே குடிநீர் அள்ளும் வீடுகள் இதனை மறத்தல் ஆகாது.

6. 2004ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கையின் வடக்கு, கிழக்கு, தெற்குக் கரையோரங்களைத் தாக்கியபோது, பல கிணறுகளிற் கடல்நீர் நிரம்பியது. கிணற்றை விரைவிற் சுத்தமாக்கும் நோக்கத்தோடு இயந்திரம் வைத்து மீண்டும் மீண்டும் இறைக்க முற்பட்டோர் பலர். அவ்வாறு அளவுமீறி இறைத்தால் கீழேயுள்ள உவர்நீர் மேலெழும் என அறிஞர் எச்சரித்தனர். கிணறுகளை மீட்டது பெரும்பாலும் அடுத்தடுத்து வந்த மாரிமழையே. மேலிருந்து இறங்கிய நன்னீர், உவர்நீரைப் படிப்படியாகக் கீழே தள்ளியது. உவரான கிணற்றுக்கு மருந்து இறைப்பு அன்று. மழையும் பொறுமையும் ஆகும்.

7. நீங்கள் செய்ய வேண்டியவை

(அ) கிணற்றை ஆழமாக்காதீர்கள். நீர் போதாதெனின், மேற்படையில் உள்ள நன்னீர் ஊறிவரத்தக்கதாக அகலமாக்குவது பற்றி ஆலோசனை பெறுக. தோட்டக் கிணற்றின் அடியிற் குழாய்க்கிணறு துளைத்தலைத் தவிர்க்குக.

(ஆ) சிறிய இயந்திரத்தை உபயோகிக்குக. சிறிது நேரம் இறைத்து, மட்டம் மீளும்வரை நிறுத்தி, மீண்டும் இறைக்குக. உறிஞ்சு குழாயின் வாய் கிணற்றின் அடியில் தொடாது, நீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும்.

(இ) அடுத்தடுத்த தோட்டக்காரர் ஒரே வேளையில் இறையாது முறைவைத்து இறைக்குக. உங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் இதனைப் பேசி ஒழுங்குபடுத்தலாம்.

(ஈ) காலையிலோ மாலையிலோ இறைக்குக. பாத்திகளை மட்டமாக அமைக்குக. வைக்கோல், பூவரசங்குழை, கிளிசரிடியாக் குழை முதலியவற்றை மூடுபடையாக இடுக. இயலுமாயின் சொட்டு நீர்ப்பாசனத்துக்கு மாறுக.

(உ) சேதனப் பசளையைக் கூட்டி, இரசாயனப் பசளையைச் சிபாரிசு செய்யப்பட்ட அளவிற் பல தவணைகளாகப் பிரித்து இடுக. பசளையிட்ட உடனே வெள்ளமாக நீர் பாய்ச்சாதீர்கள்.

(ஊ) புரட்டாசி முடியுமுன் வயல் வரம்புகளை உயர்த்திக் கட்டுக. ஒரு பரப்புக் காணியில் பெய்யும் ஓர் அங்குல மழை 6,400 லீற்றர் நீர் என்பதை நினைவிற் கொள்க. வரம்பினுள் நிறுத்திய மழை நெல்லையும் விளைவிக்கும். அயலிலுள்ள தோட்டக்காரரின் கிணற்றையும் நிரப்பும்.

(எ) ஊரிலுள்ள குளம், கேணிகளைத் தூர்வாருக. மண்ணிட்டு நிரப்பி வீடு கட்டுவதையும் குப்பை கொட்டுவதையும் தடுக்குக. நம் முன்னோர் ஊர்தோறும் வெட்டிய குளங்கள் மாடு குளிப்பாட்ட மட்டும் அமைந்தவை அல்ல. அவை நிலத்தடி நீருக்கு வாயில்கள்.

(ஏ) ஆண்டிற்கு இருமுறை, தை மாதத்திலும் ஆவணி மாதத்திலும், கிணற்று நீரைச் சோதிப்பித்து, அளவையும் திகதியையும் ஒரு கொப்பியிற் குறித்து வைக்குக. மேல்நீரை மட்டுமன்றி அடிநீரையும் சோதிக்க வேண்டும். ஒரு போத்தலிற் கல்லைக் கட்டி, வாயைத் தக்கையால் மூடி, தக்கையில் வேறொரு கயிறு கட்டி அடிக்கு இறக்குக. பின்னர் அக் கயிற்றைச் சுண்டினால் தக்கை கழன்று அடிநீர் போத்தலில் நிரம்பும். மேல்நீர் நன்றாயிருந்தும் அடிநீரின் அளவு ஆண்டுதோறும் ஏறிவருமாயின், உவர்நீர் மேலேறி வருகின்றது என்பதற்கு அதுவே முதலாவது அறிவித்தல். அவ்வாண்டே இறைப்பைக் குறைக்குக. பயிர்ச்செய்கைப் பரப்பையும் சுருக்குக.

நினைவிற் கொள்க

கிணற்று நீர் பூமியிலிருந்து தானே சுரப்பதன்று. அது மழை தந்த முதல். வங்கியில் இட்ட பணத்தைப் போல, இட்டதற்கு மேல் எடுத்தால் கணக்கு முடிந்துவிடும். ஆனால் வங்கிக் கணக்கு வெறுமையானால் மீண்டும் பணமிடலாம். நன்னீர்ப் படை வற்றிய இடத்தை உவர்நீர் பிடித்துக்கொள்ளும். அதனைக் கீழே தள்ளப் பல மாரிகள் வேண்டும். கரையோரத்தில் ஒருவர் ஆயுளுக்குள் அது மீளாமலும் போகலாம்.

இந்த ஆவணியில் உங்கள் கிணற்றின் மேல்நீரையும் அடிநீரையும் இரு போத்தல்களில் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் செல்லுங்கள். அயலவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் கிணற்றின் அடியில் நிற்பதும் உங்கள் கிணற்றின் அடியில் நிற்பதும் ஒரே உவர்நீர்தான்.